கோடு விழுந்த இலைகள்

பிப்ரவரி 4

பூச்சி,

என் கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா சமாதானமாகிவிட்டாள் என்று துள்ளாதே. ஆகவில்லை. உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன், அது அப்படியேதான் இருக்கும். அப்பாவின் பிறந்தநாளன்று சாப்பாட்டு மேஜையில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்ன வார்த்தை இன்னும் என் காதிலேயே கிடக்கிறது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பாடம் எடுப்பாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

உன் பெட்டி வந்தது. நான் கேட்கவில்லை. அப்பா உன்னிடம் ஒப்பாரி வைத்திருப்பார், நீயும் உன் குளவிப் பண்ணையிலிருந்து உடனே அனுப்பிவிட்டாய். ஐஸ் பொட்டலம், பஞ்சு, ஒரு குட்டி பாட்டில், அதன் மேல் 'உடனே திறக்கவும்' என்று ஒரு சீட்டு. திறந்தேன். உள்ளே மிளகைப் பொடித்துப் போட்ட மாதிரி நாலு புள்ளி. ஊதிப் பார்த்தேன், அதுவும் காணாமல் போயிற்று. காலி பாட்டிலை இவ்வளவு பத்திரமாகக் கட்டி அனுப்ப உன்னால்தான் முடியும்.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாததில்லை, ஆனால் அரைகுறையாகத் தெரியும். பசுமைக்குடிலில் தக்காளி இலை முழுக்க வெள்ளைக் கோடு. சுண்ணாம்புக் கட்டியால் யாரோ கிறுக்கினாற்போல் வளைந்து வளைந்து போகிறது. கோட்டின் முனையில், இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே, மஞ்சளாக ஒரு புழு படுத்து மேய்கிறது. மேலே அடிக்கிற மருந்து அதன் மேல் படுவதே இல்லை. அதனால் இலைக்குள் இறங்குகிற மருந்தாக வாங்கி வாரம் இரண்டு தரம் அடித்தோம். எங்கள் வீட்டுக்கும் குடிலுக்கும் ஒரே சுவர். என் வாண்டுக்கு இழுப்பு வந்தது. வந்தது போகவில்லை.

டாக்டர் நீட்டி முழக்கவில்லை. "ஒண்ணு மருந்த நிறுத்துங்க, இல்ல பொண்ண வேற எங்கயாவது வையுங்க" என்றார். எட்டு வயசுப் பெண்ணை நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நாத்தனார் அங்கேயே பள்ளியில் சேர்க்கப் படிவம் வாங்கி என்னிடம் கொடுத்திருக்கிறாள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கெட்டவளாக இருந்தால் சண்டை போடலாம். நல்லவள், அதுதான் எரிச்சல்.

மார்ச் முடியும்வரை மருந்து அடிப்பதில்லை என்று உன் அத்தானிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அதற்குள் கோடு நின்றால் வாண்டு வீட்டுக்கு வருவாள். நிற்காவிட்டால் மருந்தும் அடிப்போம், கையெழுத்தும் போடுவேன். உன் காலி பாட்டிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அக்கா


பிப்ரவரி 7

அன்புள்ள அக்கா,

அந்தப் பாட்டிலில் இருநூற்றைம்பது குளவிகள் இருந்தன. நானே எண்ணிப் போட்டேன். அதை நீ சமையலறை ஜன்னலோரம் திறந்தாய் என்று அப்பா சொன்னார். இருநூற்றைம்பதும் வெளிச்சத்தைப் பார்த்துப் போய் உன் ஜன்னல் கண்ணாடியில் முட்டிச் செத்திருக்கும். மறுநாள் நீ அதைத் துடைத்திருப்பாய். பளிச்சென்று துடைத்திருப்பாய்.

சரி. 'உடனே திறக்கவும்' என்று எழுதியவன் எங்கே என்று எழுதவில்லை. அது என் தப்பு. இன்னொரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். இதைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கமே போகாதே. காலையில் வெயில் ஏறும் முன்னால் குடிலுக்குள் போய், செடிகளுக்கு நடுவில் மூடியைத் திறந்து, அப்படியே தரையில் படுக்க வைத்துவிட்டு நகர்ந்துவிடு. அத்தானிடம் சொல், இது நம்மைக் கொட்டாது. எறும்பைவிடச் சின்னது. கொட்ட ஆசைப்பட்டாலும் முடியாது.

உன் இலைக்குள் மேய்வது ஒரு குட்டி ஈயின் புழு. அது எங்கே இருக்கிறது என்று நீ குளவிக்குக் காட்டவும் வேண்டாம். புழு குடைகிற இலை ஒரு வாசனை விடும். நமக்குத் தெரியாது, குளவிக்குத் தெரியும். நல்ல இலையின் வாசனை வேறு, கடிபட்ட இலையின் வாசனை வேறு. அதை வைத்துச் செடியைக் கண்டுபிடிக்கும். இலையில் இறங்கிய பிறகு நடைதான். குறுக்கே ஒரு கோடு வந்ததோ, பிடித்துக்கொள்ளும். இரண்டு உணர்கொம்பாலும் இலையைத் தட்டித் தட்டி, கோட்டின் மேலேயே முனைவரைக்கும் போகும். புழு மெல்லுகிற அதிர்வு மேலே நிற்கிற குளவிக்குக் கேட்கும். கீழே இருக்கிற புழுவும் லேசுப்பட்டது இல்லை, மேலே நடமாட்டம் தெரிந்தால் மெல்லுவதை நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் கிடக்கும். உன் காலடிச் சத்தம் கேட்டதும் அத்தான் டிவியை அணைக்கிற மாதிரி. பெரும்பாலும் தப்பிக்க முடியாது. குளவி இலைத்தோலின் மேல் நின்றபடியே ஊசியை உள்ளே இறக்கும். புழு அதோடு அசையாது. பக்கத்திலேயே ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த கோட்டைத் தேடிப் போகும்.

பெட்டியில் ஒரு கைலென்ஸும் வைத்திருக்கிறேன். பார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். குடிலைச் சுத்தமாக வை. இது ரொம்ப முக்கியம், கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன் பார். மற்றதைக் குளவி பார்த்துக்கொள்ளும்.

நானே நேரில் வந்துவிடவா?

பூச்சி


பிப்ரவரி 13

பூச்சி,

நேரில் வராதே.

பத்தாம் தேதி காலையில் திறந்து வைத்தேன். உன் அத்தான் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி என்று கதவுக்கு வெளியே நின்று, "ஒண்ணும் ஆகலயே? ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எறும்பைவிடச் சின்னது என்று சொன்னேன். "எறும்பு கடிச்சா மட்டும் இனிக்குமா?" என்கிறார். இந்த வீட்டில் யாருக்கென்று நான் பதில் சொல்வது?

நேற்று ஒன்றைப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கறுப்பாக, வெயில் பட்டால் பச்சையாக மினுங்குகிறது. நீ சொன்ன மாதிரியே கோட்டின் மேல் தட்டிக்கொண்டே போயிற்று. முனைக்கு வந்து நின்றது. திரும்பியது. மறுபடி நின்றது. வாலை இறக்கியது. புழு ஒரு துள்ளு துள்ளி அடங்கிவிட்டது. பாவம்தான். ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் புழு இலைக்குள்ளேயேதானே கிடக்கிறது? செத்ததா, மயக்கமா? இதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய். நீ எப்போதும் பாதிக் கதை சொல்கிறவன்.

நீ கேட்ட சுத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதை என்னிடம் சொல்லவா வேண்டும்?

வாண்டு போனில் பேசினாள். அத்தை நல்ல பென்சில் வாங்கித் தந்தாளாம். இருமல் இல்லை. இங்கே இருந்தபோது ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் பேசுவாள். இப்போது மூச்சுவிடாமல் பேசுகிறாள். எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

முக்கால் மணி நேரமா! நீயா! அடுப்பில் என்ன தீய்ந்தது?

புழு சாகவில்லை, மயங்கிக் கிடக்கிறது. இனி எழுந்திருக்காது. இரண்டொரு நாளில் பக்கத்து முட்டை பொரியும். குளவிக் குஞ்சு வெளியிலிருந்தே புழுவை உறிஞ்சிக் காலி பண்ணும். பிறகு அந்தக் குகைக்குள்ளேயே, தன் கழிவைச் சின்னச் சின்னத் தூணாக நிறுத்தி, மேல் தோல் தன் மீது சரிந்து விழாமல் முட்டுக் கொடுத்துவிட்டுக் கூட்டுப்புழுவாகும். வெளிச்சத்துக்கு எதிரே இலையைப் பிடித்தால் அந்தக் கறுப்புத் தூண்கள் தெரியும். முட்டையிலிருந்து பறக்கும்வரை இரண்டு வாரம், குளிராக இருந்தால் இன்னும் கொஞ்சம். சில சமயம் குளவி முட்டையே வைக்காமல் புழுவைக் குத்தி அதன் சாற்றைக் குடித்துவிட்டுப் போகும். அதிலும் நமக்கு நஷ்டம் இல்லை.

மார்ச் முதல் வாரத்தில் இரண்டாம் தலைமுறை கிளம்பும். அதன் பிறகு நீயே கண்ணால் பார்ப்பாய். பத்துக் கோட்டுக்கு எத்தனை புழு செத்திருக்கிறது என்று எண்ணி எழுது.

பூச்சி


மார்ச் 4

பூச்சி,

எண்ணச் சொன்னாயே, எண்ணினேன். பத்துக் கோட்டில் பத்துப் புழுவும் உயிரோடு, கொழுகொழுவென்று மேய்கின்றன. உன் குளவி ஒன்றுகூட இல்லை. லென்ஸை வைத்துத் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. கோடு முன்னைவிட அதிகம். உச்சித் தளிர்வரைக்கும் ஏறிவிட்டது. இரண்டாம் தலைமுறையாம். முதல் தலைமுறையே வீட்டைவிட்டு ஓடிவிட்டது.

நான் என்ன குறை வைத்தேன், சொல். நீ சொன்ன நேரத்தில் திறந்தேன். நீ சொன்ன இடத்தில் வைத்தேன். இரண்டு கோடு போட்டுச் சுத்தம் சுத்தம் என்று எழுதினாயே, குளவி விட்ட மறுநாளிலிருந்து ஒரு நாள் தவறாமல், வேலைக்கு வருகிற இரண்டு அம்மாக்களையும் கூட வைத்துக்கொண்டு, கோடு விழுந்த இலை ஒன்று விடாமல் கிள்ளி எடுத்துச் சாக்கில் கட்டியிருக்கிறேன். மூன்று வாரம், மூன்று சாக்கு. இடுப்பு ஒடிந்துவிட்டது. இதற்கு மேல் சுத்தமாக வைக்க வேண்டுமானால் செடியையே பிடுங்கித்தான் எறிய வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். உன் அத்தான் புது டப்பா ஒன்றை வாங்கி மோட்டார் அறையில் வைத்திருக்கிறார். "அடிக்கல, சும்மா இருக்கட்டும்" என்கிறார். நாத்தனார் போன் செய்தாள். வாண்டுக்குச் சீருடைக்கு அளவு எடுக்கணுமாம், எடுக்கட்டுமா என்று கேட்கிறாள். பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

உன்னை நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். அப்போதும் அதேதான் எழுதியிருந்தது.

நீ கிள்ளி எடுத்தது புழுவை இல்லை, என் குளவிகளை! வாசனை பிடித்து, கோடு பிடித்து, தட்டித் தட்டிப் போய், ஊசி போட்டு, முட்டை வைத்து அது முடிக்க, பின்னாலேயே வந்து அதே இலையை நீ கிள்ளிச் சாக்கில் போட்டிருக்கிறாய். ஒன்று விடாமல் வேறு! மிச்சம் இருந்தது இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஈ முட்டை, கோடே போட ஆரம்பிக்காத குட்டிப் புழு, வளர்ந்து முடித்து மண்ணில் குதித்துவிட்ட புழு. அதெல்லாம் நிம்மதியாகப் பெருகியிருக்கிறது. எதிரி யாரும் இல்லையே, எல்லாரையும் நீ மூட்டை கட்டிவிட்டாயே.

இவ்வளவும் திட்டி எழுதிவிட்டுத்தான் என் பழைய கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். 'சுத்தமாக வை.' அவ்வளவுதான் இருந்தது. எங்கள் பண்ணையில் சுத்தமான செடி என்றால் மருந்தின் வாடையே படாத செடி. மருந்து அடித்த வாளி, மருந்து பட்ட கையுறை, துணி எதுவும் உள்ளே வரக்கூடாது. நான் சொல்ல நினைத்தது அதைத்தான். பதினொரு வருஷமாக அந்தச் சொல்லை அப்படியே சொல்லிச் சொல்லி, வெளியே அதற்கு வேறு அர்த்தம் இருப்பதே மறந்துவிட்டது. ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் அப்படி எழுதியிருக்கலாம். தண்ணீர்க் குழாயையே சோப்புப் போட்டுக் கழுவுகிற உனக்கு எழுதியிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது, அக்கா. முழுக்க என்னுடையது.

இப்போது முக்கியமான விஷயம். சாக்குகள் எங்கே? எரித்துவிட்டாயா? எரிக்காமல் இருந்தால் தயவுசெய்து எரிக்காதே. அப்பாவுக்குப் போன் போட்டு உன்னிடம் சொல்லச் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிங்க, அப்புறம் எங்கிட்ட வாங்க" என்று வைத்துவிட்டார். அத்தான் போனில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் இதை உங்கள் பக்கம் வருகிற பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் சாக்கை விட்டுவிடு, அதற்குக் காலம் கடந்துவிட்டது. மற்ற இரண்டையும் பிரி. வளர்ந்த ஈப்புழு இலையைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். குளவி இலைக்குள்ளேயே ஆகும். அதனால் சாக்கின் அடியில் பொன்னிறத்தில் குருணை மாதிரி உதிர்ந்து கிடப்பது எல்லாம் ஈ. அதைச் சோப்புத் தண்ணீரில் கொட்டு. மேலே இருக்கிற இலைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார். தூண்கள் தெரிகிற இலையைத் தட்டில் பரப்பிச் செடிக்கடியில் வை. புழு உயிரோடு நெளிகிற இலையைக் குருணையோடு சேர்த்து அமுக்கிவிடு.

இனிமேல் கோடு விழுந்த இலையைத் தொடாதே. கை அரிக்கும். அரித்தாலும் தொடாதே.

பூச்சி


மார்ச் 9

பூச்சி,

டிரைவர் வாசலில் ஹாரன் அடித்துக் கடிதம் கொடுத்ததைத் தெருவே பார்த்தது. இந்த வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று இரண்டு பேர் விசாரிக்க வந்துவிட்டார்கள்.

சாக்குகள் இருக்கின்றன. ஏன் இருக்கின்றன தெரியுமா? அவற்றை எரிக்கிற வேலை உன் அத்தானுடையது. மூன்று வாரமாகச் சொல்கிறேன். ஒரு நாள் "காத்தடிக்குது" என்றார். ஒரு நாள் "ஈரமா இருக்கு" என்றார். ஒரு நாள் சாக்கின் மேலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனிதரின் சோம்பலுக்கு மனசுக்குள் நன்றி சொன்னது இதுதான் முதல் தரம். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பழகிவிடும்.

முதல் சாக்கு அழுகி நாறிவிட்டது. மற்ற இரண்டும் நிழலில் காய்ந்து சருகாக இருந்தன. நானும் வேலைக்கு வருகிற அம்மாக்களும் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர்களில் வயசான அம்மா ஒன்றைத் தூக்கி, "இங்க பாருங்க, பந்தல்கால் நட்டு வெச்சிருக்கு" என்றார். கறுப்பாகக் குட்டிக் குட்டித் தூண், நடுவில் பச்சைக் கண்ணோடு படுத்திருக்கிற ஒன்று. ஓரத்தில் வெறும் தோலாகப் புழு. அதன் பிறகு கை நிற்கவில்லை. இரண்டாம் சாக்கில் பத்துக் கோட்டுக்கு ஆறு குளவி. கடைசிச் சாக்கில் ஏழு.

நானே நாலு தட்டு நிறையக் குப்பையை என் குடிலுக்குள் சுமந்துபோய்ப் பரப்பினேன். என் கை கூசிய கூச்சம் எனக்குத்தான் தெரியும்.

ஒன்று எழுத வேண்டும் என்று நாலு நாளாக நினைக்கிறேன், எழுதிவிடுகிறேன். அன்று மேஜையில் "மருந்தடிச்சு மருந்தடிச்சு புள்ளைய நீயேதான்க்கா சாகடிக்கிற" என்று சொன்னாய். அது பொய்யாக இருந்திருந்தால் உன்னை அங்கேயே நாலு திட்டுத் திட்டிவிட்டுச் சாம்பாரை ஊற்றியிருப்பேன். உண்மையாக இருந்ததால்தான் எழுந்து போனேன். மருந்துத் தொட்டியில் மருந்து கலக்கிக் கொடுத்தது நான்தான். வாண்டு இருமுவது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

நான் சொன்னது உண்மையோ பொய்யோ, அத்தனை பேர் நடுவில் சொன்னது அயோக்கியத்தனம். உனக்கு வேறு வழி இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன். அந்த வழியைத் தூக்கிக்கொண்டு அன்றே உன் வீட்டுக்கு வராமல் வாயால் வீரம் காட்டினேன். மன்னித்துவிடு.

இரண்டு வாரமாக ஒரு வரி இல்லை. தட்டிலிருந்து வெளியே வந்தனவா? பத்துக்கு எத்தனை? படிவத்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. இங்கே எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. திட்டியாவது எழுது.

பூச்சி


ஏப்ரல் 2

பூச்சி,

எழுத நேரம் இருந்தால்தானே. உன் அத்தான் லென்ஸைக் கையில் எடுத்ததிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. கேஸ் கொண்டுவருகிற ஆளைக்கூட விடுவதில்லை, குடிலுக்குள் இழுத்துக்கொண்டு போய், "நம்ம குளவி எப்படித் தட்டுது பாருங்க" என்று பாடம் நடத்துகிறார். நம்ம குளவியாம். பயந்து துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றவர்.

பதினான்காம் தேதி தட்டுகளிலிருந்து கிளம்ப ஆரம்பித்தன. அடி இலையெல்லாம் வெளுத்துப் பார்க்கவே சகிக்காமல் தொங்குகிறது. கை அரித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தேன். காய்ப்பு இந்தத் தடவை பாதிதான். ஆனால் உச்சியில் புதிதாக விட்ட இலைகள் பச்சையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் வந்திருக்கின்றன. கீழே பத்துக் கோட்டில் ஒன்பது செத்தது. அந்த ஒன்றையும் இரண்டு குளவி சுற்றிக்கொண்டிருந்தது. மருந்து டப்பாவைப் பிரிக்காமலே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தோம்.

முப்பதாம் தேதி இரண்டு பஸ் மாறிப் போய், நாத்தனார் கையில் படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் அப்படியே கொடுத்தேன். அவள் உள்ளே போய் வாண்டின் நோட்டுகளை எடுத்துவந்தாள். எல்லாவற்றுக்கும் அட்டை போட்டு, பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். "போட்டுட்டேன் அண்ணி, எடுத்துட்டுப் போங்க, அங்கயும் இதே நோட்டுதானே" என்றாள். இரண்டு பேரும் சமையலறையில் நின்று அழுதோம். வாண்டு, "பஸ் போயிரும்" என்று வாசலிலிருந்து கத்தினாள்.

நேற்றுக் காலையில் எழுந்து பார்த்தால் அவளைப் படுக்கையில் காணோம். குடில் கதவு திறந்து கிடந்தது. "வெளிய வா, வெளிய வாடி!" என்று கத்திக்கொண்டே இன்ஹேலரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு வருஷமாக அந்தக் கதவருகே நின்று நான் கத்துவது அது ஒன்றுதான்.

செடிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா?" என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் ஒரு காரணமும் இல்லை, பூச்சி. தேடினேன், கிடைக்கவில்லை.

"ஒண்ணுமில்ல, இரு" என்றேன். அவள் இருந்தாள். நான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அவள் மூச்சில் இழுப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்கவே இல்லை.

அக்கா